கதவுப் பள்ளிக்கூடமும் இரண்டு ராகுகாலமும்

1

போன வாரம் எங்கள் வீட்டு நடுக்கதவுக்குச் சாயம் அடிக்க ஒரு சீனத்துக் கிழவர் வந்தார். சீனப் புத்தாண்டு நெருங்கினால் பினாங்கில் வீட்டுக்காரத் தவுக்கேமார்களுக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிடும். தவுக்கே என்றால் முதலாளி. கூரை ஒழுகுகிறது, சமையலறைச் சுவர் பெயர்கிறது என்று வருஷமெல்லாம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லுவேன். எங்கள் தவுக்கே இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். புத்தாண்டு என்றதும் கேட்காமலே கதவுக்குப் பச்சைச் சாயம் வந்து நிற்கும்.

கிழவர் டப்பாவைத் திறந்து பிரஷை முக்கிவிட்டார். நான் ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கதவோடு கதவாக நின்றேன். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் திரட்டி, "தா போலே, தா போலே" என்றேன். கூடாது, கூடாது என்று அர்த்தம். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கதவு முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் தமிழ் எழுத்து, அங்கங்கே ஒரு பாம்புத் தலை. ஏதோ தெய்வ யந்திரம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிரஷைக் கீழே வைத்தார், இரண்டு கைகளையும் சேர்த்து ஆட்டி ஆட்டிக் கும்பிட்டார், டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அது யந்திரம் இல்லை. என் மகள் தையல்நாயகிக்கு நான் வகுத்த பாட அட்டவணை. பாம்புத் தலைகள் ராகுகாலம். "அக்கரைக்குப் போயும் பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொண்டு என்னதான் சொல்லிக் கொடுத்தாய்?" என்று ஊரில் கேட்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

2

நாயகிக்குப் பதினோரு வயது. பிறந்தது இதே பினாங்கில். போன வருஷம் நடுவில் அவளுக்கு விஷஜுரம் கண்டது. பிழைத்து எழுந்தாள், தலைமுடிதான் கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிற்று. எழுந்து நடமாடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அவள் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பெரிய மிஸ்ஸி, அதாவது அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரி, நல்ல மாதிரிதான். ஆனால் சட்டம் சட்டம்தானாம். நாலாம் வகுப்பில் இனி இடம் கிடையாது, அதற்கு வயதும் கடந்துவிட்டது. ஜனவரியில் புது வருஷம் தொடங்கும்போது ஐந்தாம் வகுப்புக்குப் பரீட்சை வைப்பார்; தேறினால் சேர்த்துக்கொள்வார், தேறாவிட்டால் அவரால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வாத்தியார் வைத்துச் சொல்லிக் கொடுக்க வகையில்லை. ரப்பர் விலை விழுந்து, கப்பல் கப்பலாக நம் ஜனங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். எதிர்க்கரையில் பிறை என்கிற ஊர் ரயில் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கும் என் வீட்டுக்காரர், சம்பளம் குறைந்தாலும் வேலை நிலைத்ததே என்று தினமும் முதல் படகில் போய்க் கடைசிப் படகில் திரும்பிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயம் பார்த்து நாகப்பட்டினத்திலிருந்து என் நாத்தனார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். எங்களூர்க்காரர் ஒருவர் இங்கே கடை வைத்திருக்கிறார். தைப்பூசம் கழிந்து குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறப் போகிறவர். அவர் வந்து, விரித்த குடையை மடக்குவதற்கு முன்பே செய்தியை ஒப்புவித்தார்.

"பள்ளிக்கூடமும் இல்லாம பக்கத்து வீட்டுச் சீனச்சிகிட்டயே புள்ள கெடையா கெடக்குதாமே, எங்கூட அனுப்பிடச் சொன்னாங்க. அத்தைக்காரி இருக்கேன், ஒழுங்கா வளத்துக் குடுக்கறேன்னாங்க. நாங்க பத்திரமா கூட்டிட்டுப் போறோம் அண்ணே, நீங்க யோசிக்காதீங்க."

என் வீட்டுக்காரர் அக்காவுக்கு எதிராக ஒரு தும்மல் போடவும் தயங்குகிறவர். அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஸ்கூல்ல எடுத்துக்கிட்டா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா, அக்கா சொல்றதும் நியாயந்தானே?"

"எடுத்துக்குவாங்க," என்றேன்.

"யாரு சொல்லிக் குடுக்கறது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒரே பெண், அவளைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் சுண்ணாம்புக் கட்டியைத் தேடினேன்.

3

நான் நாகப்பட்டினம் மிஷன் பள்ளியில் ஐந்து வகுப்புப் படித்தவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் மளிகைப் பொட்டலக் காகிதத்தில். ஆனாலும் கதவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து கட்டம் போட ஆரம்பித்ததும் எனக்கு ஏறிய மிடுக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கவர்னர் துரை உத்தரவு எழுதுகிற மாதிரி எழுதினேன்.

இங்கிலீஷ் அப்பா பாடு: விடியற்காலை, படகுக்குக் கிளம்புவதற்கு முன். பூகோளமும் அவரே, ஞாயிற்றுக்கிழமைகளில். தமிழ் நான். கணக்கு நான். பரீட்சைக்குத் தையலும் உண்டு என்றார்கள். பெயரிலே தையலை வைத்துக்கொண்டிருக்கிறாளே தவிர, ஊசியைக் கண்டால் ஓடுவாள். அதைப் பக்கத்து வீட்டு நோன்யாவிடம் ஒப்படைத்தேன். நோன்யா என்பது அவர் பெயரல்ல; தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேர்விட்ட சீனக் குடும்பத்துப் பெண்களை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வது. கெபாயா சட்டையும் கைலியும் உடுத்தி, மலாயும் சீனமும் கலந்து பேசுவார்கள். எங்கள் நோன்யா என் வயதுக்காரர், கணவரை இழந்தவர், பிள்ளையில்லை. கடுகு அளவு பாசிமணிகளைக் கோத்துச் செருப்புக்கு மேல்பாகம் தைப்பதில் அந்தத் தெருவிலேயே கெட்டிக்காரி. நாயகி அவரை 'ஆ ஈ' என்று கூப்பிடுவாள். சித்தி மாதிரி ஒரு முறை.

கணக்குப் பாடம் பசாரில் நடந்தது. வீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னால் கொட்டாவி விடுகிறவள், மீன்காரனிடம் புலி. இங்கே நிறுவை கட்டிக் கணக்கு. பதினாறு தாஹில் சேர்ந்தால் ஒரு கட்டி. நம் மாகாணி என்பதும் பதினாறில் ஒன்றுதானே? அது எனக்குத் திடீரென்று உறைத்தபோது மீன் கடை நடுவில் நின்று கைகொட்டிவிட்டேன்.

"நாயகி, ஒரு தாஹில்னா என்னா தெரியுமா? கட்டியில மாகாணி. ரெண்டு தாஹில் அரைக்கால். நாலு தாஹில் கால். நம்ம கணக்கேதான்டி."

"மெதுவா பேசும்மா. எல்லாரும் பாக்கறாங்க லா."

பார்த்தால் பார்க்கட்டும். (அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால்; அர்த்தம் தேடாதீர்கள்.) அன்றிலிருந்து அவளுக்கு நான் பின்னம் நடத்தியது இப்படித்தான். பாதிக் கட்டி மீனையும் மூன்று தாஹில் இஞ்சியையும் கூட்டினால் என்ன வரும் என்று கேட்பேன். "ரசம் வரும்" என்பாள். பிறகு விடையும் சொல்வாள்.

சரித்திரத்துக்கு இங்கிலீஷ் ராஜாக்கள் பட்டியலை அவள் அப்பா கொடுத்தார். எனக்கு அவர்கள் யாரும் பழக்கமில்லை. நான் என் பங்குக்கு அவளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், வடக்கே நீலமாகத் தெரிகிற கெடா மலையைக் காட்டினேன். சோழ ராஜா கப்பல் படையோடு வந்து பிடித்த கடாரம் அதுதான் என்று அவர் ஏதோ பத்திரிகையில் படித்துச் சொல்லியிருந்தார். அவ்வளவு பெருமையோடு நான் சொல்லி முடித்ததும் என் மாணவி கேட்டாள்.

"கெடாவுக்கு எதுக்கும்மா கப்பல்? பிறைக்குப் படகுல போயி ரயிலேறுனா ஆச்சே."

4

ராகுகாலத்துக்கு வருகிறேன். புதிய பாடம் எதையும் ராகுகாலத்தில் தொடங்கக் கூடாது என்பது என் சட்டம். ஆகவே ஊரிலிருந்து வருகிற பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்தந்த நாளுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கதவில் காலியாக விட்டுவிட்டேன். நாயகி அதில் பாம்புத் தலை வரைந்து, நாக்கும் போட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் அப்பா பூகோளம் நடத்துகிற வரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் வைத்துக்கொண்டு, சூரியன் நமக்கு முன்னால் உதிக்கிறது, ஊருக்குப் பின்னால் உதிக்கிறது, நம் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று அவளுக்கு விளக்கினார். மறுநாள் காலை ஒன்பது அடித்தது. நான் கணக்குப் பலகையை எடுத்தேன்.

"அம்மா, இங்க ஒம்பது மணின்னா நாகப்பட்டினத்துல ஏழரைதானே?"

"அப்படித்தான் அப்பா சொன்னாரு."

"இன்னைக்குத் திங்கக்கிழமை. ராகுகாலம் ஏழரையிலேருந்து ஒம்பது."

"ஆமா, அது முடிஞ்சிருச்சு. கணக்கை எடு."

"இங்கதாம்மா முடிஞ்சிருச்சு. பஞ்சாங்கம் அங்க அச்சடிச்சது. அங்க இப்பதான் ஆரம்பிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து, ராகு போய்விட்டான் என்று நான் தைரியமாகக் கிளம்பின வேளையெல்லாம், ஊர் ராகு அப்போதுதான் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறான். யோசிக்க யோசிக்க எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ராகுவையும் அனுசரிப்பது என்று முடிவு செய்தேன். இங்கத்து ராகு முடிகிற இடத்தில் ஊர் ராகு தொடங்கும். ஆக, தினமும் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் விடுமுறை. என் மாணவி அந்த மூன்று மணி நேரமும் பக்கத்து வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள்.

"உலகத்துலயே ரெண்டு ராகு வந்துட்டுப் போற வீடு நம்ம வீடுதான்," என்றார் என் வீட்டுக்காரர். "அதுல ஒருத்தனுக்காவது சம்பளத்தைக் குறைக்கக் கூடாதா?"

ஒரு வாரத்தில் எனக்கே தாங்கவில்லை. ஒருவனை அனுப்பியாக வேண்டும். எவனை? என் வீட்டுக்காரர் ஊர் ராகுவை அனுப்பு என்றார். நான் இங்கத்து ராகுவை அனுப்பினேன். ஏன் என்று கேட்டால் சாஸ்திரமெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரில் நல்ல நேரம் நடக்கும்போது எனக்கும் நல்ல நேரமாக இருக்கட்டும், அங்கே ஆகாத நேரம் என்றால் எனக்கும் ஆகாமல் போகட்டும் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஆசை அப்படியே இருந்தது.

5

ராகுவை ஒரு வழியாகக் கட்டினேன். விடுமுறைகளைக் கட்ட முடியவில்லை. பினாங்கில் வளர்கிற பிள்ளைக்கு எல்லார் வீட்டுப் பண்டிகையும் அவள் வீட்டுப் பண்டிகை. ஆடிப்பெருக்குக்கு நான் விட்டேன். அது முடிந்ததும் சீனர்களுக்கு ஆவிகளின் மாதம். தெருவிலே கூத்து மேடை போட்டுவிட்டார்கள், மேளச் சத்தத்தில் நான் கத்துகிற வாய்ப்பாடு எனக்கே கேட்கவில்லை. அப்புறம் நிலாப் பணியாரத் திருநாள், விளக்குப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம். நவராத்திரி. தீபாவளி. தெருமுனைப் புத்தகக் கடை முஸ்லிம் நானா வீட்டில் மௌலூது ஓதல், நெய்ச்சோறு. கிறிஸ்துமஸுக்கும் லீவு கேட்டபோது நான் முறைத்தேன்.

"நாம என்னா வேதக்காரங்களா?"

"நான் படிக்கப் போற ஸ்கூல் மிஸ்ஸி வேதக்காரங்கதானே? மரியாதைக்கு விட வேணாமா?"

விட்டேன். என்ன செய்வது? இப்படிப் பேசுகிற பிள்ளையை நாத்தனார் வீட்டில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பக்கம் கவலை, எத்தனை நாளில் இந்தப் பேச்சே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்று மறுபக்கம் அதைவிடப் பெரிய கவலை.

6

பரீட்சை நாளை என் வீட்டுக்காரர் விசாரித்து வந்து சொன்னார். திங்கட்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை. நான் கதவைப் பார்த்தேன். நாயகியும் கதவைப் பார்த்தாள். எட்டிலிருந்து ஒன்பது வரை இங்கத்து ராகு. ஒன்பதிலிருந்து பத்து வரை ஊர் ராகு. எந்த ராகுவை அனுப்பினாலும் மற்றவன் வாசலில் நிற்கிறான். இங்கத்து ராகுவைப் போகச் சொன்னேனே, அந்தக் கோபத்தில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

இதற்கு நம்மவர்களிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு. பரஸ்தானம். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆகாத வேளையில் பயணம் போக நேர்ந்தால், முந்தியே ஒரு நல்ல வேளை பார்த்து, பயணச் சாமான் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. சாமான் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்த வேளையில் போனாலும் தோஷமில்லை. ஒரே நிபந்தனை, வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், இரண்டு ராகுவும் அண்டாத நேரமாகப் பார்த்து, நாயகியின் பரீட்சைப் பெட்டியை நோன்யா வீட்டுக்கு எடுத்துப்போனோம். மரப்பெட்டி. பேனா, பென்சில், அளவுகோல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தையல் பரீட்சைக்குக் காட்ட வேண்டிய கைக்குட்டை. நாலு ஓரமும் மடித்துத் தைத்து, மூலையில் பூ வேலை. ஊசியைக் கண்டால் ஓடுகிறவள் இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்தது. தைத்து வந்ததைக் காட்டாவிட்டால் தையலில் பூஜ்யம்.

நான் தமிழில் சொல்ல, நாயகி சீனத்தில் சொன்னாள். நோன்யா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல எடத்துல வைக்கணும்னு சொல்லு. ரொம்ப நல்ல எடத்துல. கீழ வச்சிடப் போறாங்க."

நோன்யா தலையசைத்தார். ரொம்ப நல்ல இடம் தன் வீட்டில் எது என்று தனக்குத் தெரியும் என்றார். அந்த நிம்மதியில் நான் வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன்.

7

திங்கட்கிழமை முதல் படகுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் நாயகியின் தலையைத் தடவினார். முளைத்து வந்த முடி முள்ளம்பன்றி போல் நின்றது. "பாத்து எழுதுலா" என்றார். இந்த மனுஷருக்கு லா வருவது மனசு கலங்கினால்தான்.

வாசலில் ரிக்ஷா நின்றது. நாங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறுவதுதான் பாக்கி. நோன்யா வீட்டுக்குள் நுழைந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கூடத்தில் அவர் கணவரின் படம் வைத்த பூஜை மேசை முழுக்கச் சோறு, கோழி, பழம், பலகாரம், தேநீர்க் கிண்ணங்கள். அன்று அந்த மனிதர் இறந்த திதி. ஊதுபத்தி அப்போதுதான் கொளுத்தியிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், படத்துக்கு நேர் கீழே, எங்கள் பெட்டி. ரொம்ப நல்ல இடம்.

நான் கை நீட்டினேன். நோன்யா பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெலும்," என்றார். இன்னும் இல்லை என்று அர்த்தம்.

நாயகி எனக்கு விளக்கினாள். மேசையில் வைத்த எதையும், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எடுக்கக் கூடாது. முடித்தாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இரண்டு காசைப் போட வேண்டும். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் முடித்துவிட்டார். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் சாப்பிடுகிறார்.

நோன்யா மண்டியிட்டு, காசுகளை உள்ளங்கையில் குலுக்கிப் போட்டார். இரண்டும் தலை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போட்டார். இரண்டும் பூ. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே ரிக்ஷாக்காரன் மணியை அடித்தான். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டேன். நோன்யாவின் கணவர் முருகன் பேச்சைக் கேட்பாரா என்று அப்போது யோசிக்கவில்லை. மூன்றாம் முறை. இரண்டும் தலை.

ராகுவுக்குப் பயந்து நான் செய்த ஏற்பாடு. இங்கத்து ராகுவும் ஊர் ராகுவும் சேர்ந்து செய்திருக்க முடியாததை நானே செய்து முடித்துவிட்டேன். அந்தப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் ஒரு மனிதர் சாப்பிடும்போது அவர் இலையிலிருந்து எடுப்பது எப்படி? அதுவும் அவர் மனைவி பார்த்துக்கொண்டிருக்க? என்னால் முடியவில்லை. பெட்டியில்லாமல் போகலாம் என்றால் கைக்குட்டை உள்ளே இருக்கிறது.

அப்போது நாயகி செருப்பைக் கழற்றினாள். நோன்யாவின் பக்கத்தில் மண்டியிட்டாள், மூன்று ஊதுபத்தியை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். படத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். தட்டுத் தடுமாறி இல்லை. அப்பாவிடம் கோபித்துக்கொண்டு பேசுவாளே, அந்த வேகத்தில், அந்தக் கொஞ்சலில், தண்ணீர் ஓடுகிற மாதிரிச் சீனம் ஓடியது. நான் ஒரு வார்த்தையும் புரியாமல் என் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். நோன்யா முதலில் சிரித்தார், பிறகு கெபாயா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசுகளை நாயகி கையிலேயே கொடுத்தார்.

ஒன்று தலை. ஒன்று உருண்டு போய் மேசைக்கால் பக்கம் நின்று, யோசித்து, பூவாக விழுந்தது.

ரிக்ஷாவில் ஏறின பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"என்னடி சொன்னே அவருகிட்ட?"

"நீங்க மெதுவா சாப்புடுங்க ஆ பெக், பெட்டிய மட்டும் குடுங்கன்னேன்." ஆ பெக் என்றால் பெரியப்பா மாதிரி.

"அதுக்கா அவ்வளவு நேரம்?"

"பரீட்சை போச்சுன்னா என்னைக் கப்பலேத்தி வெளியூருக்கு அனுப்பிடுவாங்க. அடுத்த வருஷம் ஆ ஈகூட உக்காந்து உங்க பலகாரத்தைத் திங்க ஆளு இருக்காதுன்னும் சொன்னேன்."

நாகப்பட்டினத்தை அவள் வெளியூர் என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், பெட்டியைத் திறந்து கைக்குட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். ஊருக்குத் திருப்பி அனுப்புவதாகத்தான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. அவளுக்கு அது திரும்புவதல்ல. அங்கே போனால் அவள்தான் அக்கரைச் சீமைக்காரி. அவள் தலையில் ஒட்டியிருந்த ஊதுபத்திச் சாம்பலைத் தட்டிவிட்டேன். ரிக்ஷா ஓடிக்கொண்டிருந்தது. இங்கத்து ராகு கூடவே ஓடி வந்திருப்பான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

8

பள்ளி வாசலில் அங்சானா மரத்தடியில் காத்திருந்தேன். பத்து அடித்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய மிஸ்ஸி ஒரு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் நீளமாக ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது. பரீட்சை எழுதினவளே மொழிபெயர்த்தாள். இதைவிடச் சங்கடமான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

"ராகுன்னா யாருன்னு உன்னைக் கேக்கறாங்கம்மா."

"ஐயோ. எதுக்குடி?"

"இங்க எட்டு மணின்னா லண்டன்ல என்னா மணின்னு கேள்வி. ராத்திரி ஒண்ணுன்னு எழுதிட்டு, அங்க இன்னும் ராகு எழுந்திரிக்கல, நம்ம கடிகாரத்துக்கு மத்தியானம் ரெண்டரைக்குத்தான் எழுந்திரிப்பான்னும் எழுதிட்டேன். எடமிருந்துச்சு."

சூரியனைப் பிடிக்க வருகிற பாம்பு அவன் என்று நான் தொடங்கினேன். நாயகி சொல்லச் சொல்ல மிஸ்ஸியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. கோபம் என்று நினைத்து நான் எழுந்தே விட்டேன். அந்த அம்மாள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கைக்குட்டையின் ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாங்க?"

நாயகி என் பக்கம் திரும்பினாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அஞ்சாம் வகுப்பாம்மா. ஆனா இங்க எந்த ஊரு ராகுவுக்கும் லீவு கெடையாதாம்."

9

தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்து மலையேறினேன். அடுத்த வாரம் எங்களூர்க்காரர் குடும்பத்தை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனோம். நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியதை என் வீட்டுக்காரர் படகிலும் ரயில் ஆபீசிலும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். "அக்காகிட்ட சொல்லுங்க, புள்ள இங்கயே படிக்கட்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தன் தைரியத்தைத் தானே நம்ப முடியாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயகி தன் கையால் பாசிமணி தைத்த செருப்பு ஒரு ஜோடி அத்தைக்குக் கொடுத்து அனுப்பினாள். இரண்டும் இடது கால். ஆனால் நல்ல வேலை.

சாயக்காரக் கிழவர் மறுபடி வந்தார், இந்த முறை நோன்யா துணையோடு. நான் விட்டுக்கொடுத்தேன். ஈரத்துணியால் நானே கதவைத் துடைத்தேன். பாம்புத் தலைகளைத் துடைக்கும்போதுதான் கொஞ்சம் கை தயங்கியது. கதவு இப்போது பச்சைப் பசேலென்று இருக்கிறது.

இன்று சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவள் சாயத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தாள்.

"இப்ப யாருக்குடி அட்டவணை?"

"உனக்கு. காலையில மலாய், ஆ ஈகிட்ட. சாயங்காலம் இங்கிலீஷ், எங்கிட்ட. ஞாயித்துக்கிழமை சீனம். அடுத்த திதிக்கு ஆ பெக்கிட்ட நீயே கேக்கணும்."

கட்டங்களைப் பார்த்தேன். வாரம் முழுக்க நிறைந்திருந்தது. நாளுக்கு ஒரே ஒரு பாம்புத் தலை, நாக்கோடு; திங்கட்கிழமைக்கு ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும். அதன் பக்கத்தில், ஒன்பது மணியிலேயே பாடம் தொடங்கியிருந்தது.

"ஊர் ராகுவுக்கு லீவு விடலியேடி."

அவள் சுண்ணாம்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அவந்தான் போன வாரமே கப்பலேறிட்டானே லா, அம்மா."